சுந்தரவேணி பாடாத படம்

பேய் பிசாசு என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஏனென்றால் பேய்க்கு யார் மாவு பூசுகிறார்கள், அந்த மாவு எந்தக் கடையில் கிடைக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நாடகக் கொட்டகையிலும் சினிமாக் கொட்டகையிலும் வளர்ந்தவன் நான். வாயில் நெருப்புக் கக்குகிற பிசாசு ஒன்று, வேஷம் கலைத்த பிறகு என்னிடம் பீடி கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறது. ஆகையால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தால் எனக்குக் கோபம் வராது, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். தணிகை மலை மேல் ஆணையாகச் சொல்கிறேன், நம்புகிறவர்கள் நம்பட்டும்.

ஜெர்மன்காரனோடு நடந்த உலகச் சண்டை முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். ரயிலடிக்குப் பக்கத்துக் காலி மனையில் ஒரு டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள், அதில்தான் எனக்கு வேலை. என்ன வேலை என்று கேட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, படத்தில் தமிழில் பேசுவதை உடனுக்குடன் தெலுங்கில் உரக்கச் சொல்ல வேண்டும். நகரி, புத்தூர்ப் பக்கத்து கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்காக இந்த ஏற்பாடு. வசனம் சப்பென்று இருந்தால் நானே கொஞ்சம் உப்புக் காரம் போட்டுவிடுவேன். தமிழ் தெரிந்தவர்கள் ஒரு படம் பார்ப்பார்கள், தெலுங்குக்காரர்கள் அதைவிட நல்ல படமாக ஒன்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்த வேலைக்கு முன்னால் ஒரு நாடகக் கம்பெனியில் திரை இழுத்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் சுந்தரவேணியைத் தெரியும். ஆர்.கே.பேட்டைக்காரி, நெசவுக் குடும்பத்துப் பெண். அவள் பாட ஆரம்பித்தால் கடைசி வரிசையில் வேர்க்கடலை விற்கிறவன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பான். மைக் கிடையாது, ஒன்றும் கிடையாது, அந்தத் தொண்டை மட்டும்தான். ஒரு பாட்டுக்கு நாலைந்து ஒன்ஸ்மோர் வரும், திரைக்கயிற்றைப் பிடித்தபடி எனக்குக் கை மரத்துப்போகும். ஆனாலும் அவளுக்கு ஒரே ஒரு குறை. நாடகத்துக்குப் போனாள் என்று அவளுடைய அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார். ஒரு நாள் வேஷம் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"கோவிந்தண்ணா, ஊரே என் பாட்டைக் கேட்டுகினு இருக்குது, எங்க நைனா காதுல மட்டும் விழலை. ஒரே ஒரு பாட்டு அவரு உக்காந்து கேட்டாப் போதும்ணா. அப்பறம் இந்தத் தொண்டை போனாலும் போவட்டும்."

அப்புறம் அவள் சினிமாவுக்கென்று மெட்ராஸ் போய்விட்டாள், நான் திருத்தணிக்கு வந்துவிட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு என்ன படம் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த சமயத்தில் மேனேஜர் சொன்னார், பேய்ப் படம் வருகிறது, அதில் சுந்தரவேணி இருக்கிறாள் என்று. அவள் மட்டும் இல்லை. மேடையில் வாளை உருவிக்கொண்டு வசனம் பேசினால் கூரைத் தகரம் அதிர்கிற ராஜபார்ட் ஒருவர், நடந்து வந்தாலே ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒரு கோமாளி, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்டக்காரி ஒருத்தி, எல்லாரும் ஒரே படத்தில். எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டீஸ் வண்டியில் ஏறிக்கொண்டு, தாரை தப்பட்டையோடு கே.ஜி.கண்டிகை, கனகம்மாசத்திரம் என்று சுற்றி, நேராக ஆர்.கே.பேட்டைக்குப் போய் அவளுடைய அப்பா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

பெரியவர் தறியில் இருந்தார். பெண்டாட்டி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள், தனியாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் தறி நிற்கவில்லை. பிறகு நின்றது.

"பாடறாளா?" என்றார்.

படப்பெட்டி இன்னும் மெட்ராஸிலிருந்து வரவே இல்லை. ஆனால் எனக்குச் சந்தேகம் வந்தால்தானே.

"இன்னாங்க நைனா இப்படிக் கேக்கறீங்க. வேணியைப் போட்டுட்டுப் பாட்டு வெக்காம இருக்க அவங்களுக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்குது? நான் பொறுப்பு, வாங்க."

அவர் தறியில் பாவு நூலில் அறுந்த இழை ஒன்றை முடிந்தார். "கிருத்திகைக்குக் காவடி எடுக்கறேன். எறங்கி வந்து பாக்கறேன். ஒரு தடவைதான். அதுல கேட்டாக் கேட்டது" என்றார். ஒரு தடவை என்று அவர் சொன்னால் ஒரு தடவைதான். மகளை வீட்டை விட்டுப் போ என்றதையும் அவர் ஒரு தடவைதான் சொன்னாராம்.

கிருத்திகைக்குச் சில நாள் முன்னால் பெட்டி ரயிலில் வந்தது. முதல் ஆட்டம் போட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலை நான் என்னவென்று சொல்வேன். சீரகச் சம்பா வாங்கி வந்து கூழ் காய்ச்சியிருந்தார்கள். ராஜபார்ட்டை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்து வரைக்கும் கம்பளியைப் போர்த்தி, படம் முழுக்க "யார் அங்கே" என்று கேட்க வைத்திருந்தார்கள். கோமாளி முதல் ரீலிலேயே கிணற்றில் விழுந்து செத்துப்போகிறான், அதுவும் ஒரு வார்த்தை பேசாமல். ஆட்டக்காரியின் கை மட்டும் கதவு இடுக்கிலிருந்து வருகிறது, அது அவள் கைதான் என்று நோட்டீஸைப் படித்தால்தான் தெரியும். பேசுவதெல்லாம் பேய் ஓட்டுகிறவனாக வருகிற ஒரு ஆள், அவன் படம் எடுத்த முதலாளியின் மச்சானாம். அவன் பேசுகிற அழகுக்குப் பேய் தானாகவே ஓடிவிடும்.

சுந்தரவேணிதான் பேய். வெள்ளைச் சேலை, விரித்த தலை, முகத்தைக்கூட மயிரால் மூடிவிட்டார்கள். கையில் விளக்கோடு ஒரு ஜன்னலுக்கு வருவாள், தலையை நிமிர்த்துவாள், விளக்கு அணைந்துவிடும். அவ்வளவுதான். ஒரு பாட்டு இல்லை, ஒரு வசனம் இல்லை, ஒரு இருமல்கூட இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது. கதையிலும் தலை வால் கிடையாது, ஒரு நாள் ஆபரேட்டர் மஸ்தான் பாய் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார், ஒருத்தருக்கும் தெரியவில்லை. இன்றைக்குத்தான் புரிந்தது என்று ஒரு செட்டியார் பாராட்டிவிட்டுப் போனார்.

பெரியவருக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? திரைக்குப் பின்னால் ஒரு கிராமபோன் வைத்து அவள் பாட்டைப் போட்டுவிடலாமா என்று மஸ்தான் பாயிடம் கேட்டேன்.

"பிளேட் இருக்குதா?" என்றார் அவர்.

இல்லை. வேணி கிராமபோன் பிளேட்டுக்குப் பாடினதே இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையைக் கேட்கிற எல்லாரும் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வருகிறார்கள்.

கிருத்திகை அன்று ஊர் தாங்கவில்லை. பகல் முழுக்கப் புஷ்பக் காவடி, அரோகரா சத்தம், சரவணப் பொய்கையில் கால் வைக்க இடமில்லை. இருட்டினதும் முதல் ஆட்டத்துக்குக் கொட்டகை நிரம்பி வழிந்தது, எல்லாம் வெளியூர்ச் சனம், படத்தை முதல் முறையாகப் பார்க்கிறவர்கள். ஆண்கள் பக்கத்தில் மணல் தரை முழுக்க மொட்டைத் தலைகள், அதன் மேல் சந்தனம். பெண்கள் பக்கம் ஓலைத் தட்டிக்கு அந்தாண்டை, அங்கேயும் இங்கேயும் யாரும் மாறி உட்கார முடியாது, போலீஸ்காரர் பிரம்போடு நிற்பார்.

பெரியவர் வந்தார். மழித்த தலை, ஈரச் சந்தனம், கோடி வேட்டி. படம் நன்றாக இல்லை, ஊருக்குப் போய்விடுங்கள் என்று சொல்லத்தான் வாசலில் காத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும், வாங்க என்று உள்ளே அழைத்துப் போனேன். பெண் பார்க்கப் போகிற மாதிரி வந்திருந்தார். தரையில் நடுவாக ஒரு இடம் பார்த்து உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் விரித்துப் போட்டார்.

இடம் பிடிக்க எல்லாரும் துண்டு போடுவதுதான், அதில் அதிசயம் இல்லை. ஆனால் உள்ளே மூச்சு விட இடமில்லை, நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். நான் போய்க் குனிந்து சொன்னேன்.

"நைனா, துண்டை எடுத்துக்குங்க. சனம் நின்னுகினு இருக்குது."

"ஆளு வருது" என்றார்.

யாரோ சொந்தக்காரர் சோடா குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஸ்டூலுக்குத் திரும்பிவிட்டேன். படம் ஆரம்பித்தது. கோமாளி கிணற்றில் விழுந்தான், ராஜபார்ட் யார் அங்கே என்றார், நான் தெலுங்கில் என்னென்னவோ சேர்த்துச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் என் கண்ணெல்லாம் பெரியவர் மேல்தான். ஒற்றை மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு போடுவார்கள். அப்போது என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"எப்பப்பா பாடுவா?"

"வரும் நைனா, வந்துகினே இருக்குது" என்றேன். பக்கத்தில் துண்டு அப்படியே இருந்தது. அத்தனை நெரிசலில் ஒருத்தனும் அதை மிதிக்கவில்லை, அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

ஜன்னல் காட்சி வந்தது. வேணி விளக்கை எடுத்துக்கொண்டு நடந்து வருகிறாள். இனிமேல் விளக்கு அணையும், பெரியவர் எழுந்து போய்விடுவார், அந்தப் பெண்ணின் ஆசையும் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டே திரையைப் பார்க்கிறேன். விளக்கு அணையவில்லை.

அதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. மெஷின் ஓடுகிற கடகட சத்தம் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் எனக்கு என் மூச்சு மாதிரி, நின்றால் உடனே தெரிந்துவிடும். வெளியே கரண்டு எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மெஷின் நின்றால் திரை கறுத்துப்போக வேண்டும் இல்லையா? கறுக்கவில்லை. வேணி ஜன்னலில் நிற்கிறாள். ஒரு கையால் மயிரை ஒதுக்கினாள். நான் ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்த்த படம், அந்தக் கை அப்படி எழுந்ததே இல்லை. முகம் முழுசாகத் தெரிந்தது. கூச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூட்டத்தில் யாரையோ தேடினாள், தேடிக் கண்டுபிடித்தாள், வாயைத் திறந்து பாடினாள்.

அடேயப்பா, அந்தக் குரல். எனக்கு இப்போது சொல்லும்போதும் கை மயிர் நிற்கிறது, பாருங்கள். ஆர்மோனியம் இல்லை, தபலா இல்லை, தனிக் குரல். அதுவும் தெலுங்குப் பாட்டு. ஏதோ ராட்டை சுற்றுகிற வேகத்தில் சுழன்று சுழன்று வருகிற மெட்டு, கம்பெனியில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. பயமா? பயமெல்லாம் ஒரு துளி இல்லை, நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று கயிற்றைத் தேடுகிறேன், திரை இழுக்கிற பழைய கயிற்றை, இழுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, இன்னும் பாடட்டும் என்று. அந்தப் படத்தில் எனக்கு மொழிபெயர்க்க வேலையே இல்லாமல் போனது அப்போது மட்டும்தான். நடுவில் ஓர் இடத்தில் தடுமாறி நிறுத்தினாள், கீழே பார்த்தாள், பிறகு சரியாக அடியைப் பிடித்துக்கொண்டாள். முடித்ததும் அத்தனை மொட்டைத் தலைகளும் எழுந்து "அரோகரா" என்றார்கள், சினிமாக் கொட்டகை என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

அப்போதுதான் விளக்கு அணைந்தது. கொட்டகை விளக்கைப் போட்டார்கள். கேபின் ஓட்டையிலிருந்து மஸ்தான் பாய் தலையை நீட்டினார்.

"கோச்சுக்காதீங்க, மெஷின்ல வெளிச்சம் குடுக்கற கார்பன் குச்சி தீந்துபோச்சு. இம்மா நேரம் இருட்டுல உக்கார வெச்சிட்டேன். மாட்டிட்டேன், இதோ ஓடுது."

இருட்டா? எந்த இருட்டு? அவரைப் பிறகு எத்தனையோ தடவை குடைந்து கேட்டுவிட்டேன். பாட்டு எதுவும் அவர் காதில் விழவில்லை, அரோகரா சத்தம் மட்டும் கேட்டதாம், இருட்டில் உட்கார வைத்த கோபத்தில் சனம் கத்துகிறது என்று பயந்துபோனாராம். குரான் மேல் சத்தியம் செய்கிறார் மனுஷர்.

படம் மறுபடி ஓடியது. ஜன்னல் காட்சி முதலிலிருந்து வந்தது. வேணி நடந்து வந்தாள், தலையை நிமிர்த்தினாள், முகத்தில் மயிர், விளக்கு அணைந்தது. சனம் விடவில்லை. "ஒன்ஸ்மோர், பாட்டைப் போடு" என்று மணலை வாரி இறைத்தார்கள். பாட்டு இருந்தால்தானே போடுவதற்கு. மறுநாள் அவர்கள் எல்லாரும் வண்டி ஏறி அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள், அந்தப் படத்தில் ஒரு நல்ல பாட்டு இருந்தது என்றுதான் இன்றைக்கும் அவர்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பெரியவர் எழுந்திருந்தார். துண்டை உதறவில்லை, மணலோடு பதமாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். ரயிலடி விளக்குக்குக் கீழே நின்று, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அது அவ அம்மா பாட்டு. தறிக்கு நூல் சுத்தும்போது பாடிகினே இருப்பா. அவ கட்டுனது. அவளோட போச்சு, வேற யாருக்கும் தெரியாது. அவ போவும்போது இவ தவழ்ற கொழந்தை. இவளுக்கு யாருப்பா சொல்லிக் குடுத்தது?"

எனக்கு எப்படித் தெரியும்? அவர் அழுதார், மறைக்கவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மெட்ராஸ் போனா அவகிட்ட சொல்லு. வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார்.

இதைவிட என்ன வேண்டும்? படப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அடுத்த வாரமே ரயில் ஏறினேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை, முதலில் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று. கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தாள். கதவைத் திறந்தவள் வா என்று சொல்லவில்லை, உட்கார் என்று சொல்லவில்லை.

"நைனா கேட்டாரா அண்ணா?" என்றாள்.

நான் கொண்டு வந்த சேதி அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. என்ன கேட்டாரா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"கிருத்திகை அன்னிக்கு ஷூட்டிங். மறுபடியும் பேய் வேஷம்தான், வேற இன்னா குடுப்பானுங்க. வெளக்கெல்லாம் போட்டு வெச்சிட்டு யாருக்கோ காத்துகினு இருந்தாங்க, நான் நின்னுகினே கண்ணை மூடிட்டேன் போல. கண்ணு கூசற வெளிச்சம் அண்ணா, நேரா மூஞ்சில. வெளிச்சத்துக்கு அந்தாண்ட பூரா மொட்டைத் தலை, சந்தனம். ஒரு ஓரமா ஸ்டூலு பக்கத்துல நீ நின்னுகினு கயிறு தேடற. நடுவுல நைனா. கனவுதான், தெரியும். ஆனா கேட்டாரா?"

"ஆங், கேட்டாரும்மா" என்றேன். "கேட்டு அழுதாரு. உன்னை வீட்டுக்கு வரச் சொன்னாரு."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டதுதான் இன்றைக்கும் என்னை விடவில்லை.

"அது யாரு அண்ணா, நைனா பக்கத்துல உக்காந்துகினு இருந்த பொம்பள? செவப்புச் சேலை, சின்ன வயசுதான். எனக்கு அந்தப் பாட்டே தெரியாது. அவங்கதான் வாய அசைச்சு அசைச்சு எடுத்துக் குடுத்தாங்க, நடுவுல நான் தடுமாறினப்போகூட. ஆம்பளைங்க பக்கத்துல பொம்பளைய எப்படி உக்கார விட்டீங்க?"

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன். வேணி அப்பாவிடம் போனாள், அவர் கண் மூடும் வரைக்கும் போய் வந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண் யார் என்று அவரிடம் அவள் கேட்டாளோ என்னவோ, நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கொட்டகைகளில் வேலை பார்த்துவிட்டேன், இடம் பிடிக்கிறதில் எத்தனையோ சண்டை தீர்த்து வைத்துவிட்டேன். ஆனால் யாராவது துண்டைப் போட்டுவிட்டு ஆள் வருது என்று சொன்னால், யார் என்று மட்டும் கேட்க மாட்டேன். அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து போய்விடுவேன்.